தாய் தந்த பாவையும் ஆங்கில அங்காடியும்

உருசிய நாட்டுப் பழங்கதைகளுள் ‘அழகி வசிலிசா’ என்பது ஒன்று. வசிலிசா எட்டு அகவைச் சிறுமி. அவள் தாய் சாக்காட்டுப் படுக்கையிற் கிடந்தவாறே மகளை அருகழைத்து, போர்வைக்கடியிலிருந்து ஒரு சிறு பாவையை எடுத்துக் கையிற் கொடுத்து வாழ்த்துகின்றாள். அப் பாவையை எவர் கண்ணிலும் படாமல் உடன் வைத்திருத்தல் வேண்டும். இடுக்கண் வந்தவிடத்து அதற்கு உணவூட்டி வினவுதல் வேண்டும். அது வழி கூறும். தாய் மறைகின்றாள், மாற்றாந்தாய் வருகின்றாள். வீட்டில் விளக்கவிந்த ஓரிரவில், காட்டிலுள்ள பேய்க்கிழவி பாபா யாகாவிடம் நெருப்பு வாங்கி வருமாறு சிறுமியைத் துரத்துகின்றனர். மாந்த எலும்பால் வேலி கட்டிய வீடு அது. உரலில் ஏறி, உலக்கையால் உந்தி, வந்த சுவட்டைத் துடைப்பத்தாற் பெருக்கி அழித்துக்கொண்டு வருகின்றாள் கிழவி. அவள் இட்ட செய்தற்கரிய வேலைகளையெல்லாம் பாவையின் துணையால் வசிலிசா முடிக்கின்றாள். எவ்வாறு முடிந்தது என்று கிழவி வினவ, தாயின் வாழ்த்து என்கின்றாள் சிறுமி. வாழ்த்துப் பெற்றவர்க்குத் தன் வீட்டில் இடமில்லையென்று சீறிய கிழவி, கண்ணில் நெருப்பெரியும் மண்டையோடொன்றைக் கோலில் மாட்டிக் கொடுத்து அவளை வெளியேற்றுகின்றாள்.

அப் பாவை யாது? ஆராய்ச்சியாளர் பலவாறு கூறலாம். ஆயினும், தாய் தருவது, சாவிலும் உடன்வருவது, நாளும் ஊட்டினாலன்றி வாய் திறவாதது, ஊட்டியவர்க்கு வழி காட்டுவது என்னும் நான்கு இலக்கணமும் ஒருங்கே பொருந்தும் பொருள் ஞாலத்தில் ஒன்றேயுண்டு. அது தாய்மொழி.

இன்று அப் பாவை ஆங்கில அங்காடியில் விலைபோகின்றது. உருசியப் பழங்கதைகளை எடுத்து விந்தைப் புதினங்களாக நீட்டி எழுதுவது கடந்த சில பத்தாண்டுகளாக அமெரிக்க எழுத்தாளரிடையே ஒரு பெருவழக்காகிவிட்டது. பல நாட்டு இளைஞர் அவற்றை விரும்பிப் படிக்கின்றனர். விரும்பிப் படிப்பதிற் பிழையில்லை. ஆனால், அவற்றில் எது வந்தது, எது வராமற் போயிற்று என்பதை மொழிப்பற்றுடையோர் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

கதையைக் காத்தவர் எவர்?

உருசிய மொழியிற் பழங்கதைக்குரிய பெயர் ‘இசுகாசுகா’ என்பது. ‘சொல்லுதல்’ என்னும் வினையினின்று பிறந்தது அச்சொல். தமிழிலும் கதைத்தல் என்பது பேசுதலேயன்றோ? ஈழத் தமிழர் இன்றும் பேச்சைக் கதையென்றே வழங்குகின்றனர். சொல்லப்படுவதே கதை என்னும் தெளிவு இரு மக்களுக்கும் பொது. சொல்லின்றிக் கதையில்லை, சொல்லென்பதோ ஒரு மொழியின் சொல்லேயன்றி வேறன்று.

அக் கதைகளை உருசிய நாட்டின் உயர்குடியினர் காக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அவர்கள் வீட்டில் வழங்கிய மொழி பிரெஞ்சு. மடல் எழுதியதும் காதல் பேசியதும் குழந்தையைக் கொஞ்சியதும் பிரெஞ்சில். தாய்மொழி வண்டியோட்டிக்கும் வேலைக்காரிக்கும் உழவனுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டது. கதைகளும் அவர்களிடமே எஞ்சின. அவர்களுட் பெரும்பாலோர் நிலத்தோடு விற்கப்பட்ட பண்ணையடிமைகள்.

பாவலர் புசுகின் 1824-இல் மிகைலோவ்சுகோயே என்னும் சிற்றூர்க்கு அரசால் ஒதுக்கப்பட்டு ஈராண்டு அங்கு அடைபட்டுக் கிடந்தார். மாலைதோறும் தம் செவிலித்தாய் அரீனா உரோதியோனவ்னாவிடம் பழங்கதை கேட்டார். பிரெஞ்சில் வளர்ந்த அப் பாவலர்க்கு எழுத்தறியாத அம் மூதாட்டியே மொழியாசிரியரானார். பின்னாளில் அவர் பாட்டாக யாத்த கதைகளுக்கு அவ் விரவுகளே வித்து.

விளாதிமிர் தால் என்பவர் தந்தைவழியில் தேனியர். உருசியக் குருதியினர் அல்லர். 1819-இல் இளம் கடற்படையாளராகப் பனிவண்டியிற் செல்லும்போது, வானம் மூடிக்கொண்டு வருவதைக் குறித்து வண்டியோட்டி ஒருவன் சொன்ன நாட்டுப்புறச் சொல்லொன்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று தொடங்கிய தொகுப்பு 1863 முதல் 1866 வரை நான்கு மடலங்களாக, ஏறத்தாழ 2,00,000 சொற்களைக் கொண்ட அகரமுதலியாக வெளிவந்தது. அயற்சொல்லுக்கு ஈடான நாட்டுச்சொல் உண்டாயின் அதனைத் தேடியெடுத்துக் காட்டுவதைத் தால் தம் கடமையாகக் கொண்டார். தொடுவானைக் குறிக்க மேலைச்சொல் எதற்கு, கண் கொள்ளும் அளவு என்று பொருள்தரும் சொல்லொன்று ஊர்ப்புறத்தில் உள்ளதே என்று காட்டினார். நகர்ப்புறக் கற்றோர் நகைத்தனர். தாய்மொழிச் சொல்லைத் தேடுவோரைக் கண்டு நகைப்பது எந் நாட்டிலும் கற்றோர் தொழில்போலும்! அவர் 1832-இல் வெளியிட்ட கதைநூலை அரசு பறிமுதல் செய்து அவரையும் சிறைப்பிடித்தது. செல்வாக்குடையோர் தலையீட்டால் விடுதலையானார்.

தாம் தொகுத்த கதைகளைத் தால் எவரிடம் ஒப்படைத்தாரோ அவரே அலெக்சாந்தர் அபனாசியெவ். 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக ஏறத்தாழ 600 கதைகளை அச்சேற்றியவர் அவர். அழகி வசிலிசாவின் கதையும் அத் தொகுப்பிலேயே உளது. கதை சொன்னவரின் வட்டார வழக்கை அவர் பெரிதும் மாற்றாது விட்டார். அவர் பெற்ற பரிசு யாது? சமயத்தொடர்பான நாட்டுக்கதைகளைத் தொகுத்த அவர் நூல் தடை செய்யப்பட்டது. 1862-இல் அரசின் ஆவணக் காப்பகத்தில் அவர் வகித்த பணி பறிக்கப்பட்டது. வயிற்றுப்பாட்டுக்காகத் தாம் சேர்த்த அரிய நூல்களையெல்லாம் விற்றார். 1871-இல் என்புருக்கி நோயால் 45 அகவையில் மறைந்தார்.

அடிமையின் வாயிற் பிறந்து, செவிலியின் மடியில் வளர்ந்து, வறுமையில் மாண்டவர் கையால் அச்சேறியவை அக் கதைகள். அவற்றின் விலை இதுவென்று அறிந்தபின் இற்றைப் புதினங்களை நோக்குக.

அங்காடிக்கு வந்த கதை

எல்லாப் புதினங்களையும் ஒரே கோலால் அளத்தல் முறையன்று. தரத்தால் அவை வேறுபடுகின்றன.

காதரின் ஆர்டன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2017 முதல் 2019 வரை மூன்று புதினங்களை எழுதினார். முதலாவது ‘கரடியும் இராப்பாடிப் புள்ளும்’ என்னும் பொருள்தரும் பெயருடையது. கதை நிகழும் காலம் பதினான்காம் நூற்றாண்டு. 1380-இல் நிகழ்ந்த குலிக்கோவோப் போரோடு மூன்றாம் நூல் முடிகின்றது. தலைவியின் பெயர் வசிலிசா. அவள் ஊரார் அடுப்படித் தெய்வத்துக்கும் குதிரைக்கொட்டில் தெய்வத்துக்கும் சிறுபடையல் இட்டு வாழ்ந்தவர். புதிதாக வந்த சமயக்குரவர் அச்சமூட்டிப் படையலை நிறுத்துகின்றார். படையல் இழந்த இல்லுறை தெய்வங்கள் மெலிகின்றன, காவல் குன்றுகின்றது, தீமை ஊர்க்குள் நுழைகின்றது. தன்னுடையதைத் தானே மறந்த மக்களுக்கு வரும் கேட்டை இதனினும் தெளிவாகச் சொல்லல் அரிது. ஆர்டன் மாசுகோவில் ஓராண்டு தங்கிப் பயின்றவர். பின்னர்க் கல்லூரியிலும் உருசியமும் பிரெஞ்சும் கற்றவர். அவர் உழைப்பை மறுப்பது அறமாகாது.

கேத்தரின் வாலெண்டே 2011-இல் எழுதிய புதினம் சாவிலிக் கொசுசேயின் கதையைக் கொண்டது. கொசுசேயின் உயிர் ஊசிமுனையில் உளது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி தீவொன்றின் மரத்தடியில். அக் கதையை வாலெண்டே, இட்லரின் படை 1941 முதல் 1944 வரை இலெனின்கிராது நகரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட கொடுமையோடு பிணைத்தார். நகரமே சாவின் பிடியிலிருக்கையிற் சாவில்லாதவனின் கதையைச் சொல்லுதல் ஆழ்ந்த எண்ணந்தான்.

ஓர்சன் கார்டு 1999-இல் எழுதிய புதினத்தில், அமெரிக்காவிற் குடியேறிய உக்கிரேனிய இளைஞனொருவன் துயிலும் இளவரசியை எழுப்பி ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் நுழைகின்றான். அங்குள்ளாரோடு அவனாற் பேச முடிவது எதனால்? பழஞ்சிலாவியத் திருச்சபை மொழியை அவன் கற்றிருந்தமையால். வாளன்று, மந்திரமன்று, கற்ற மொழியே அவனுக்குக் கதவு திறக்கின்றது. இவ் வுண்மையைத் தம் கதைக்குள் கண்ட எழுத்தாளர் கதைக்கு வெளியே ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பது வேறு.

இனி இலீ பார்தூகோ. 2012-இல் வெளிவந்த இவர் புதினமும் அதன் தொடர்ச்சிகளும் பெருவிற்பனை கண்டன; 2021-இல் நெட்பிளிக்சு வழியே தொலைக்காட்சித் தொடராகவும் வந்து 2023-இல் நின்றன. உருசியப் பேரரசின் சாயலிற் புனைந்த நாடு. மூன்றாம் நூலில் உருசியக் கதைகளின் தீப்பறவையும் வருகின்றது. சாயல் மட்டும் உருசியம் எனின் மொழி எத்தகையது? அதனையே ஈண்டு விரித்தல் வேண்டும்.

சொல்லைப் பறித்து மொழியை விடுதல்

உருசிய மொழியிற் குடும்பப்பெயர் பாலுணர்த்தும். கணவன் கரேனின் எனின் மனைவி கரேனினா. ‘ஓவ்’ என முடியும் ஆண்பெயர் பெண்ணுக்கு ‘ஓவா’ என முடியும். இறந்தகால வினைமுற்றும் ஒருமையிற் பால் காட்டும். எழுத்தறியாத உழவனின் மூன்று அகவைக் குழந்தையும் இதில் வழுவாது. பார்தூகோவின் தலைவியோ ‘அலீனா இசுதார்க்கோவ்’. பெண்ணுக்கு ஆண்விகுதி! அதே நூல்வரிசையில் ஆணொருவனுக்குப் பெண்விகுதியோடு ‘மொரோசோவா’ என்னும் பெயர். ‘அவள் வந்தான்’, ‘அவன் வந்தாள்’ என்று எழுதிய நூலைத் தமிழ்க்கதையென்று விற்றால் தமிழன் பொறுப்பானா?

மேலும், அப் புதினத்தின் மந்திரப் படையினர்க்குப் பொதுப்பெயர் ‘கிரீசா’. கிரிகோரி என்னும் ஆண்பெயரைச் சுருக்கி வீட்டிற் கூப்பிடும் செல்லப்பெயர் அது. பேராற்றல் வாய்ந்த மந்திரப் படைக்கு ‘முத்து’ என்று பெயரிட்டாற் போன்றது. வெறியேற்றும் குடிவகையாக அங்குக் காட்டப்படும் ‘குவாசு’, உண்மையிற் கம்புமணி அப்பத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் எளிய நீர். உருசிய நாட்டிற் சிறுவரும் கோடையிற் குடிப்பது.

அது கற்பனை நாடுதானே, உருசியம் அன்றே என்று சிலர் வழக்காடுவர். கற்பனை நாடெனின் கற்பனை மொழி ஒன்றைப் படைத்துக்கொள்வதை எவர் தடுத்தார்? உருசியச் சொல்லின் ஓசை வேண்டும், அதன் அயல்நாட்டு மணம் வேண்டும், பெருமை வேண்டும், அம் மொழியின் இலக்கணம் மட்டும் வேண்டா என்பது என்ன முறை? மரத்தை வெட்டிப் பூவை மட்டும் கொண்டையிற் செருகிக்கொள்வதற்கு மலர்ப்பற்று என்று பெயரா?

ஆர்டன் போன்று மொழி கற்றவர் நூலிலும் இந் நோயின் மெல்லிய கூறு உண்டு. உருசியப் பெயர்களை ஆங்கில எழுத்திற் பெயர்த்ததில் ஒழுங்கான முறையொன்றைத் தாம் பின்பற்றவில்லை என்று தம் நூலிலேயே ஒத்துக்கொள்கின்றார். நேர்மையான ஒப்புதல், பாராட்டத்தக்கது. ஆயினும் அவ் வொப்புதல் உணர்த்துவது யாது? நூலின் காது ஆங்கிலர் காது. அதற்கு ஏற்ப அம் மொழி வளைய வேண்டும். மொழிக்கு ஏற்பக் காது பழக வேண்டியதில்லை.

இப் புதினங்கள் பலவற்றில் ‘தொமொவோய்’, ‘உருசால்கா’, ‘சாரபான்’ முதலிய சொற்கள் மிளகைத் தூவினாற்போல் ஆங்கிலத்தின் மேல் தூவப்பட்டிருக்கும். இல்லுறை தெய்வம், நீர்மகள், மேலங்கி என அவற்றுக்குப் பொருள் உண்டு; பொருளை மொழிபெயர்க்கலாம். அங்ஙனம் பெயர்த்தால் அயன்மணம் போய்விடும். மணம் போனால் விலை போய்விடும். ஆதலின் சொல் எஞ்சியது. ஆனால், அக் கதைகளின் உண்மை உயிராகிய சொன்முறை எஞ்சவில்லை. உருசியக் கதைசொல்லி இரு வினைகளை ஒட்டிக் கதை தொடங்குவான்; இரட்டைச் சொற்களும் எதுகையும் அடுக்கி நடத்துவான்; மும்முறை ஒன்பதாம் நாடு என்று தொலைவை எண்ணுவான்; கதை முடிவில், தானும் அத் திருமண விருந்திற் கலந்துகொண்டதாகவும், பருகிய தேறல் மீசைவழி ஒழுகியதன்றி வாய்க்குள் ஒரு துளியும் செல்லவில்லையெனவும் சொல்லி நகைப்பூட்டி எழுவான். இவை அம் மொழியின் ஓசையில் வாழ்பவை. அறுநூறு பக்கப் புதினத்துக்கு இவை வேண்டாதவை. மீசையில் ஒழுகிய தேறல் கிடைத்தது. வாய்க்குள் ஒன்றும் செல்லவில்லை. கதைசொல்லி தன்னை நகைத்துச் சொன்னது இன்று படிப்போர்க்குப் பொருந்திவிட்டது!

மறுப்பும் விடையும்

‘கதை எவர்க்கும் தனியுடைமையன்று, நாடுதோறும் சென்று உலவுவது’ என்பாருளர். உண்மையே. ஏழுமலை ஏழுகடல் தாண்டிக் கிளியின் உடலில் உயிரை ஒளித்துவைத்த அரக்கனைத் தமிழ்ப் பாட்டிமாரும் அறிவர். அவன் கொசுசேயின் உறவினன். கதைக்கரு மாந்தர்க்குப் பொது. அதனால்தான், கருவைக் கொண்டதற்காக இப் புதினங்களை எவரும் குறைகூற வேண்டியதில்லை. குறை வேறு.

‘புசுகினே அயலாரிடம் கதை பெற்றவர்தாமே?’ என்பாருளர். அதுவும் உண்மை. அவர் 1834-இல் எழுதிய பொற்சேவல் கதையின் கரு, வாசிங்டன் இர்விங் என்னும் அமெரிக்கரின் நூலில் உள்ளதென்று பெண்பாவலர் அன்னா அக்மாதொவா 1933-இல் நிறுவினார். ஆனால், புசுகின் செய்தது என்ன? கருவைக் கொண்டார், சொல்லைக் கொள்ளவில்லை. உருக்கித் தம் மொழி அச்சில் வார்த்தார். இன்று உருசியக் குழந்தை அதனைத் தன் பாட்டி கதையென்றே நம்புகின்றது. அயற்பொருளைத் தன்மொழியிற் செரித்துக்கொள்வது வளர்ச்சி. அயற்சொல்லைச் செரிக்காமல் அணிந்துகொள்வது ஒப்பனை. அமெரிக்கர் கதையை உருசியர் கொண்ட முறையையும், உருசியர் கதையை அமெரிக்கர் கொண்ட முறையையும் அருகருகே வைத்து எவரும் எடைபோட்டுக் கொள்ளலாம்.

‘ஆங்கிலத்தில் இதனைச் செய்யவே இயலாதோ?’ என்பாருளர். இயலும். ஆர்தர் இரேன்சம் என்னும் ஆங்கிலர் இக் கதைகளைக் கற்பதற்காகவே 1913-இல் உருசியா சென்று மொழி பயின்றார். 1916-இல் அவர் வெளியிட்ட கதைநூலில், காட்டுக் குடிலில் வாழும் கிழவரொருவர் தம் பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்கின்றார். நடை எளிய ஆங்கிலம். பனிக்கிழவனுக்கு ஆங்கிலத்திலேயே பெயர். நூறாண்டு கடந்தும் அந்நூல் படிக்கப்படுகின்றது. தன் மொழியைத் தூய்மையாக ஆள்பவனே பிறன் மொழியையும் மதிக்கின்றான் என்பதற்கு அவர் சான்று.

‘தவறாகவேனும் பரவுவது மறைவதினும் நன்றன்றோ?’ என்பார் வழக்கே எஞ்சுவது. அதற்கு நிகழ்ச்சியொன்றே விடை. பார்தூகோவின் புதினம் உருசிய மொழியிற் பெயர்க்கப்பட்டது. அப்போது மொழிபெயர்ப்பாளர் தலைவியின் பெயரை ‘இசுதார்க்கோவா’ என்று திருத்த வேண்டியதாயிற்று. எண்ணிப் பார்க்க! தாய்வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பாவை கையொடிந்து திரும்பி வருகின்றது. தாய்வீட்டாரே அதற்குக் கை ஒட்டுகின்றனர். ஒட்டியபின் விலைகொடுத்து வாங்குகின்றனர். ஆனால் ஞாலம் முழுதும் பரவியது ஒடிந்த வடிவமே. நாளை ஒருவன் அலீனா இசுதார்க்கோவா என்று சரியாக எழுதினால், தவறு என்று அவனைத் திருத்த இலக்கக்கணக்கானோர் உள்ளனர். பெருமொழியின் பிழை சிறிதுகாலத்தில் முறையாகிவிடுகின்றது. அடக்குமுறைச் சட்டம் எதுவும் இன்றியே ஒரு மொழியை அதன் பொருளினின்று பெயர்த்தெறியும் வழி இது.

உருசியர்தம் பிழை

இதனால் உருசியர் குற்றமற்றவர் என்று கொள்ளற்க. அபனாசியெவின் இறுதிப் பகுதி வெளிவந்த அதே 1863-இல், உள்நாட்டமைச்சர் வலூயெவ் உக்கிரேனிய மொழியிற் சமய நூலும் பள்ளி நூலும் அச்சிடலாகாதென்று ஆணையிட்டார். 1876-இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் எம்சு ஆணை அம் மொழி நாடகங்களையும் வெளிநாட்டினின்று வரும் நூல்களையும் தடுத்தது. அபனாசியெவ் தொகுப்பிலோ உக்கிரேனிய, பெலாருசியக் கதைகளும் அவ்வம் மொழியிலேயே உள்ளன! கதையை ‘எமது’ என்று எடுத்துக்கொண்டு, அதைச் சொன்ன மொழியை ‘மொழியே அன்று’ என்று தள்ளினர். பிரெஞ்சின் நுகத்தடியில் நொந்தவரே அயன்மொழிக் கழுத்தில் நுகம் பூட்டினர். இற்றை ஆங்கிலப் புதினங்களும் கீவ் நகரத்துப் பழமையையெல்லாம் ஒருங்கே வாரி உருசியம் என்னும் ஒரே பெயரில் விற்பது அப் பழம்பிழையின் எதிரொலி. தன்மொழி காத்தல் அறம். பிறர்மொழி அழித்தல் கொடுமை. இரண்டையும் ஒன்றெனக் குழப்புபவன் மொழிப்பற்றாளன் அல்லன், பேரரசுவெறியன்.

மற்றொன்றும் உண்டு. பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின் ஆங்கில விந்தைப் புதினங்கள் உருசிய நாட்டிற் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தன. அவ் வகையை உருசியர் தம் சொல்லால் அழைக்கவில்லை. ‘பென்தசி’ என்னும் ஆங்கிலச் சொல்லையே அவ்வாறே எடுத்துக்கொண்டனர். இசுகாசுகா என்னும் தாய்ச்சொல் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆயினும் எதிர்நீச்சலிட்டாரும் உளர். அயல்நாட்டுப் புதினங்களை மொழிபெயர்த்து வந்த மாரியா செமியோனோவா, 1995-இல் ‘ஓநாய்வேட்டை நாய்’ என்னும் பொருளுடைய ‘வொல்கதாவ்’ என்ற புதினத்தைச் சிலாவியர் பழமரபில் எழுதினார். மக்கள் அள்ளிக்கொண்டனர். பாவைக்கு ஊட்டினார், அது வாய் திறந்தது.

தமிழர்க்கு உரியது

தமிழர்க்கு இதில் என்ன? பெரிதும் உண்டு. ஒருகாலத்தில் உருசியக் கதைகள் ஆங்கிலத்தின் வழியாகவன்றி நேரே தமிழுக்கு வந்தன. மாசுகோவில் இயங்கிய முன்னேற்றப் பதிப்பகம் தமிழ் நூல்களை அங்கேயே அச்சிட்டு அனுப்பிற்று. வண்ண ஓவியங்களோடு எளிய விலையில் தமிழ்ச் சிற்றூர்ச் சிறுவர் கையிலும் அவை கிடைத்தன. அரசியல் நோக்கம் அதன்கண் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் தமிழர் உருசியம் கற்று உருசியத்தினின்றே தமிழில் பெயர்த்தனர் என்பது அரிய செயல். 1991-இல் சோவியத்து ஒன்றியம் சிதைந்ததும் அவ் வாயில் அடைபட்டது. அன்று அந் நூல்களைப் படித்த சிறுவரின் பிள்ளைகள் இன்று அதே கதைகளை அமெரிக்க ஆங்கிலத்தில், ஒடிந்த விகுதிகளோடு படிக்கின்றனர். மக்களிடமிருந்து மக்களுக்கு இருந்த நேர்வழி மூடப்பட்டு, நடுவில் ஒரு சுங்கச்சாவடி அமைந்துவிட்டது. அச் சாவடியின் பெயர் ஆங்கிலம்.

இதற்கு மாற்று அழுகையன்று. உருசியம் கற்கும் தமிழிளைஞர் எழல் வேண்டும். அபனாசியெவின் தொகுப்பு முழுமையும் நேரே தமிழிற் பெயர்க்கப்படல் வேண்டும். சொல் இல்லையென்னும் பேச்சு வேண்டா. அவள் ஏறிவரும் உரலும் உந்தும் உலக்கையும் பெருக்கும் துடைப்பமும் தமிழ் வீட்டில் உள்ளவை. சாவிலி, நீர்மகள், தீப்பறவை, பனிக்கிழவன், கோழிக்கால் குடில் எனச் சொற்கள் அழைக்குமுன் வந்து நிற்கின்றன. அயற்கதை தமிழில் வரட்டும், தமிழாகவே வரட்டும். அவ்வாறே தமிழ்நாட்டார் கதைகளை அயன்மொழியாளர் கொள்வராயின், தமிழ் கற்றுக் கொள்ளட்டும். கற்காமல் எடுப்பார் கையில் ஒப்படைப்பதற்கு முன், தமிழரே அவற்றைத் தொகுத்துத் தம் மொழியில் நிலைநிறுத்தல் வேண்டும். ஊர்ப்புற மூதாட்டியர் ஒவ்வொருவராய் மறைகின்றனர்; அபனாசியெவ்கள் எத்துணைப்பேர் உளர்?

வசிலிசாவின் கதையை மறுபடியும் எண்ணுக. கிழவி தந்த மண்டையோட்டு நெருப்பு வீடு திரும்பியதும் மாற்றாந்தாயையும் அவள் மக்களையும் எரித்துக் கரியாக்கிற்று. பாவையைக் காத்த சிறுமியை அது தீண்டவில்லை. கதையின் இறுதியிலும் அவள் அப் பாவையை விடவில்லை. அரசியான பின்னும் சாகுமட்டும் தன் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாள் என்று முடிகின்றது அது. பாவையை அங்காடியில் விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். காட்டிரவில் வழி சொல்லத்தான் எவரும் இருந்திருக்க மாட்டார்.

தமிழ்நெஞ்சங்காள்! தாய் தந்த பாவை உங்கள் கையிலும் உளது. இன்று அதற்கு உணவூட்டினீர்களா?